கணக்கில் நூறு, தட்டில் இருபத்தைந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. மருந்துக் குடோனில் ஸ்டாக் பிரிவில் சேரப்போகிறாய் என்று அண்ணி சொன்னார். அங்கே தினமும் உன் காதில் விழப்போகிற வார்த்தை ‘ஷார்ட்’. ஆர்டருக்குச் சரக்கு எடுக்கப் போனவர், கேட்ட எண்ணிக்கை ரேக்கில் இல்லாமல் குறைவாக எடுத்து வருவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். அப்போது கணினிக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதை ஒரு கணக்கு போட்டே சொல்கிறேன்.

ஒரு இருமல் மருந்து. பெட்டிக்கு 25 பாட்டில். அது இருக்கும் ரேக் தட்டில் 100 பாட்டில் இருப்பதாகக் கணினி சொல்கிறது. முதல் ஆர்டருக்கு 40, இரண்டாவது ஆர்டருக்கு 30 ஒதுக்கியாயிற்று. மீதி 30. கையிருப்பு, ஒதுக்கியது, விற்கக்கூடியது என்ற இந்த மூன்று எண்களையும் எப்போதும் சேர்த்தே பார்.

முதல் ஆர்டருக்காக பிக்கர், அதாவது சரக்கு எடுப்பவர், போகிறார். தட்டில் ஒரே ஒரு பெட்டி. அதை எடுத்துக்கொண்டு ஸ்கேனரில் 25 என்று அடிக்கிறார். 15 ஷார்ட்.

கணினி அந்த 25-ஐ மட்டும் கழித்துவிட்டு, வராத 15-ஐ ஆர்டரிலிருந்து நீக்கிவிட்டுச் சும்மா இருந்தால் கையிருப்பு 75 என்று நிற்கும். இரண்டாவது ஆர்டருக்கு 30 போக, 45 விற்கலாம் என்று காட்டும். வேடிக்கையைப் பார்: தட்டு காலி, விற்கக்கூடியதோ 30-லிருந்து 45 ஆக ஏறிவிட்டது! விற்பனைப் பிரிவு அந்த 45-ஐ நம்பி ஆர்டர் எடுக்கும். இரண்டாவது பிக்கர் அதே காலித் தட்டுக்கு நடப்பார்.

அதனால் ஷார்ட் அடித்தவுடன் முதலில் தட்டைப் பூட்ட வேண்டும். கணக்கில் மட்டும் இருக்கும் அந்த 75-ஐ விற்பனைக்கு வராத ‘வித்தியாசம்’ என்ற கணக்கிடத்துக்கு மாற்ற வேண்டும். எஸ்ஏபி நிறுவனத்தின் பழைய கிடங்கு மென்பொருளில் இதற்கு 999 என்று ஒரு எண்ணே உண்டு. உடனே நஷ்டம் எழுதிவிடக் கூடாது. சரக்கு வேறு தட்டில் இருக்கலாம். தேடி முடிக்கும்வரை அது அங்கேயே நிற்கட்டும்.

அடுத்தது ஆர்டர்கள். முதல் ஆர்டரின் 15, இரண்டாவதின் 30 இரண்டையும் வேறு தட்டிலிருந்து ஒதுக்க முடியுமா என்று கணினி தேடும். மேல் ரேக்கில் முழு பேலட் இருந்தால் அதை ஃபோர்க்லிஃப்டில் இறக்கச் சொல்லும். மருந்து என்பதால், இருப்பதில் முதலில் காலாவதியாகப் போகும் பேட்சைத்தான் எடுக்க வேண்டும். பேட்ச் மாறினால் பில்லிலும் மாற வேண்டும்.

எங்குமே இல்லையென்றால் வழி மூன்று: இருப்பதை அனுப்பிவிட்டு மீதியை நிலுவையில் வைப்பது, மீதியை ரத்து செய்வது, முழு ஆர்டரையும் நிறுத்திவைப்பது. இதை வாடிக்கையாளரிடம் முன்பே கேட்டுக் கணினியில் பதிந்திருக்க வேண்டும். பிக்கர் தீர்மானிக்கிற விஷயமில்லை. எப்படியானாலும், பில் எடுத்த எண்ணிக்கைக்குத்தான் போட வேண்டும். 40-க்கு பில் போட்டு 25 அனுப்பினால் பிறகு கிரெடிட் நோட், ஜிஎஸ்டி திருத்தம் என்று அலைய வேண்டியிருக்கும்.

இனி உன் வேலை: அந்த 75 எங்கே? தொலைந்த எண்ணே பாதி துப்பு சொல்லும். 75 என்றால் சரியாக மூன்று பெட்டி. முழுப் பெட்டிகள் காணவில்லையென்றால் சரக்கு வந்த அன்று பக்கத்துத் தட்டில் வைத்திருக்கலாம், இன்னும் அடுக்காமல் தரையில் கிடக்கலாம், வராத பெட்டியை வந்ததாகப் பதிந்திருக்கலாம். ஏழு, பதினொன்று என்று உதிரியாகக் குறைந்தால் முன்பு யாரோ தவறாக எண்ணி எடுத்திருக்கலாம், அல்லது திருட்டு. அந்தத் தட்டின் வரவு செலவுப் பதிவுகளைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்துப் பார். தட்டை எண்ணப் போகிறவரிடம் கணினியின் எண்ணைச் சொல்லாதே. சொன்னால் அதையே எழுதிவருவார். பாட்டில் உடைந்திருந்ததால் பிக்கர் எடுக்கவில்லை என்றால் அது அங்கேயே இருக்கிறது, விற்கத்தான் முடியாது. அது வேறு கணக்கு. அதனால்தான் ஷார்ட் அடிக்கும்போது ஸ்கேனர் காரணம் கேட்கிறது.

ஆர்டர் நிற்கக் கூடாதே என்று பிக்கர் பக்கத்துத் தட்டிலிருந்து 15-ஐ எடுத்துப் போட்டுவிட்டு 40 என்று அடிப்பதும் உண்டு. அன்று ஆர்டர் சிரமமில்லாமல் போய்விடும். ஆனால் பொய்க் கணக்கு ஒரு தட்டிலிருந்து இரண்டு தட்டுக்குப் பரவிவிடும். ஷார்ட் அடித்தால் மேலாளர் திட்டுகிற குடோனில்தான் இது அதிகம் நடக்கும்.

ஆகவே சேர்ந்ததும் இரண்டு விஷயம் கேள். ஷார்ட் அடித்தால் தட்டு தானாகப் பூட்டிக்கொள்கிறதா? ஷார்ட் எண்ணிக்கையை எந்தப் பிக்கர் என்று வரிசைப்படுத்துகிறார்களா, எந்தத் தட்டு என்றா? தட்டு வாரியாகப் பட்டியல் எடுக்கச் சொல். ஒரே தட்டு திரும்பத் திரும்ப வந்தால் அங்கே சரக்கு அடுக்கும் முறையைத் திருத்து. உண்மையான எண்ணை அடித்த பிக்கரிடம் நன்றி சொல்லிவிட்டுத் தேடத் தொடங்கு.

அன்புடன்,
சித்தப்பா