விலங்கறைக்குள் நுழையும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உத்தமபாளையத்துக்காரி நீ. பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் ஊரில் எலி என்றால் நெல்லை வெட்டும் எதிரி; வரப்பில் பொறி வைப்பதைப் பார்த்தே வளர்ந்திருப்பாய். இப்போது மதுரையில் வெள்ளை எலிகளோடு ஆய்வு தொடங்குகிறாய். பழைய அருவருப்பை வாசலிலேயே விட்டுவிடு. கையில் பதற்றம் இருந்தால், அது உன் அட்டவணையில் எண்ணாக வந்து உட்கார்ந்துவிடும்.

எலியைச் சுவர் சூழ்ந்த திறந்த களத்தில் விட்டு, அது போடும் புழுக்கையை எண்ணி அச்சத்தை அளந்தார் கால்வின் ஹால், 1934இல். பயந்த எலி சுவரை ஒட்டியே ஓடும், இல்லையென்றால் உறைந்து நிற்கும். 1950களில் சீமோர் லெவின், பால்குடிக் குட்டிகளைத் தினமும் சில நிமிடம் தாயிடமிருந்து எடுத்துத் திரும்ப விட்டார். வளர்ந்தபின் அவை புதிய இடத்தில் தயங்காமல் சுற்றின. கையே படாத குட்டிகள்தான் அதிகம் மிரண்டன. திரும்பி வந்த குட்டியைத் தாய் கூடுதலாக நக்கிக் கொடுப்பதே காரணம் என்று பின்னாளில் மைக்கேல் மீனியின் குழு விளக்கியது. குட்டிப் பருவத்தில் கைபட்டவை முதுமையிலும் நினைவாற்றலை அவ்வளவாக இழக்கவில்லை என்று அதே குழு 1988இல் காட்டியது.

உன் ஆய்வு வயதைப் பற்றியது, சிக்கலும் அங்கேதான். ஆறேழு வாரத்தில் பருவமடையும் எலி இரண்டு ஆண்டில் கிழடாகிவிடும். அந்தக் கிழ எலியைக் கூண்டு கழுவவும் எடை போடவும் எத்தனையோ கைகள் தூக்கியிருக்கும். இளசுக்கு அந்தப் பழக்கம் இல்லை. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் நீ அளப்பது வயதையா, கைப்பழக்கத்தையா? எல்லா வயது எலிகளையும் ஒரே அளவு பழக்கிய பிறகே களத்தில் விடு. கிழ எலி மூலையில் நின்றால் உடனே பயம் என்று எழுதாதே. கால் தளர்ந்திருக்கலாம், கண் மங்கியிருக்கலாம். நிமிர்ந்து மோப்பம் பிடிக்கிறதா என்றும் பார்.

வாலைப் பிடித்துத் தூக்காதே. நேரத்தையும் கவனி, எலி இரவு விலங்கு. வயல் சுண்டெலியின் உடற்கடிகாரத்தை எம்.கே.சந்திரசேகரன் ஆராய்ந்த மதுரையில் இருந்துகொண்டு நாம் அதை மறக்கக் கூடாது. ஆண்களின் வாசனைக்கே எலிகள் பதறுவதை 2014இல் மான்ட்ரியலில் கண்டார்கள். ஆகவே எந்த எலியை, யார், எத்தனை நிமிடம் எடுத்தார்கள் என்று தினமும் குறித்து வை. கட்டுரை எழுதும்போது அந்தக் குறிப்பை விட்டுவிடாமல் அச்சில் கொடு.

அன்புடன்,
உன் அக்கா