சாவித் துவாரம் தேடும் கணிப்பொறி

நொதியும் அது வினைபுரியும் பொருளும் பூட்டும் சாவியும் போன்றவை என்று 1894-ஆம் ஆண்டில் எமில் ஃபிஷர் கூறியதை நாம் இளங்கலை வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். ஆனால் புரதத்தின் மேற்பரப்போ மேடும் பள்ளமுமானது. அதில் சாவித் துவாரம் எது? அதற்குப் பொருந்தும் சாவி எது? கணிப்பொறி இவ்வினாக்களை அணுகும் முறையை ஓர் எடுத்துக்காட்டின் துணைகொண்டு விளக்க முயல்கிறேன்.

இன்ஃபுளுயென்சா வைரசின் மேற்பரப்பில் நியூராமினிடேஸ் என்னும் நொதி உண்டு. நம் செல்லுக்குள் பெருகிய புதிய வைரஸ்கள் வெளியேறும்போது, செல்லின் மேலுள்ள சயாலிக் அமிலத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டுதலை வெட்டி விடுவிப்பது இந்நொதியே. இதன் குழியை அடைத்துவிட்டால் வைரஸ் பரவுவது தடைபடும். 1983-இல் வர்கீஸ், லேவர், கோல்மன் ஆகியோர் ஆஸ்திரேலியாவில் எக்ஸ் கதிர்ப் படிகவியல் முறையில் இதன் முப்பரிமாண அமைப்பைக் கண்டு வெளியிட்டனர். வைரஸ் தன் மேற்பரப்பை அடிக்கடி மாற்றிக்கொள்ளும். ஆனால் இக்குழியின் உட்சுவரிலுள்ள அமினோ அமிலங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. மாறினால் அதற்கே பிழைப்பில்லை!

குழி தெரிந்துவிட்டது. சாவிக்கு, பீட்டர் குட்ஃபோர்ட் 1985-இல் வெளியிட்ட 'கிரிட்' என்னும் நிரல் துணை செய்தது. கணக்கு நோட்டின் கட்டங்களைப் போல, ஆனால் முப்பரிமாணத்தில், புரதத்தைச் சுற்றி ஒரு கட்டவலை விரிக்கப்படுகிறது. அதன் ஒவ்வொரு புள்ளியிலும் நீர், மெத்தில், அமினோ என ஒவ்வொன்றாக வைத்து, அருகிலுள்ள அணுக்கள் அதனை ஈர்க்கின்றனவா, தள்ளுகின்றனவா என்று ஆற்றல் கணக்கிடப்படுகிறது. ஆற்றல் மிகத் தாழ்ந்த புள்ளிகளே பிணைப்புக்கு உகந்தவை. கையால் செய்ய ஆயுள் போதாது.

சயாலிக் அமிலத்தை ஒத்த, வலிமை குன்றிய தடுப்பான் ஒன்று முன்பே அறியப்பட்டிருந்தது. அதன் நான்காம் கார்பனிலுள்ள ஹைட்ராக்சிலின் இடத்தில் நேர் மின்னூட்டமுள்ள அமினோ தொகுதி நன்கு அமரும் என்று கணக்கு காட்டியது. அருகே குளூட்டாமிக் அமிலத்தின் எதிர் மின்னூட்டம் இருப்பதே காரணம். அமினோவையும், பின்னர் அதனினும் பெரிய குவானிடினோவையும் பொருத்தினர். தடுப்பாற்றல் பல ஆயிரம் மடங்கு உயர்ந்தது. மூலக்கூறு குழியில் அமர்ந்திருப்பதைப் படிகத்திலும் கண்டனர். 1993-இல் வான் இட்ஸ்டீன் குழுவினர் இதனை வெளியிட்டனர்; 1999-இல் அது சனாமிவிர் என்னும் மருந்தாக விற்பனைக்கு வந்தது.

இன்று அமினோ அமில வரிசையிலிருந்தே அமைப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டும் வந்துவிட்டது. 2024-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. கருவி எளிதானதால் வந்த ஆபத்தை நானே அறிவேன். சென்ற ஆண்டு என் ஆய்வுத் திட்டத்திற்காக ஒரு மூலிகைச் சேர்மத்தை இதே குழியில் கணிப்பொறி மூலம் பொருத்திப் பார்த்தேன். மதிப்பெண் மிக நன்றாக வந்தது. 'மருந்து கண்டறியப்பட்டது' என்றே எழுதிவிட்டேன். என் பேராசிரியர் அவ்வரியைச் சிவப்பு மையால் அடித்து, "தொடர்பே இல்லாத ஒரு பொருளையும் பொருத்திப் பாருங்கள்" என்றார். துணிச்சாயம் ஒன்றை இட்டேன். அதுவும் ஏறத்தாழ அதே மதிப்பெண்ணைப் பெற்றது! பெரிய மூலக்கூறு பல இடங்களைத் தொடுவதால் மதிப்பெண்ணும் கூடும் என்பது அப்போதுதான் விளங்கிற்று. மேலும் நான் பயன்படுத்திய நிரல் புரதத்தை அசையாப் பொருளாகவே கொண்டது. குழியிலுள்ள நீரையும் கணக்கில் கொள்ளவில்லை.

திருத்திய அறிக்கையில் அவ்வரி, 'பொருந்தக்கூடும், சோதிக்கப்படவில்லை' என்றாயிற்று. சோதித்துப் பார்க்க எங்கள் ஆய்வகத்தில் அந்நொதி இல்லை.