பனிக்கட்டிப் புயல்

முன்னுரை

நாமகிரிப்பேட்டைப் பக்கம் கோடை மழையோடு எப்போதேனும் ஆலங்கட்டி விழுவதுண்டு. விழுந்த சிறிது நேரத்தில் அது கரைந்துவிடும். கனடாவிலோ, ஈழத் தமிழர் பலர் வாழும் மாண்ட்ரியல், டொரண்டோ நகரங்களில், மழைநீர் விழுந்த இடத்திலேயே உறைந்து நாட்கணக்கில் நிற்பதுண்டு. இதுவே பனிக்கட்டிப் புயல்.

காரணம்

உயரே செல்லச் செல்லக் குளிர் கூடும் என்பது பொது விதி. குளிர்காலத்தில் சில வேளை இவ்விதி மாறுகிறது. குளிர்ந்த காற்று கனமானதால் தரையோடு தங்குகிறது. தெற்கிலிருந்து வரும் வெப்பக் காற்று அதன்மேல் ஏறிப் பரவுகிறது. மேகத்திலிருந்து விழும் வெண்பனி இவ்வெப்ப அடுக்கில் உருகி மழைத்துளியாகிறது. கீழேயுள்ள குளிர் அடுக்கு மெல்லியது. ஆதலால் துளி உறைவதற்குள் தரையை நெருங்கிவிடுகிறது. 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே இருக்கும் அத்துளி, மரக்கிளையையோ மின்கம்பியையோ தொட்டதும் உறைந்து ஒட்டிக்கொள்கிறது. ஆலங்கட்டி வானிலேயே கட்டியாகி விழுகிறது. இதுவோ நீராய் வந்து கட்டியாகிறது.

விளைவுகள்

இப்புயலின் வலிமை அதன் எடையில் உள்ளது. ஒரு கணக்குப் பார்ப்போம். 2 செ.மீ. விட்டமுள்ள கம்பியைச் சுற்றி 3 செ.மீ. கனத்துக்குப் பனிக்கட்டி படிந்தால், மீட்டருக்குச் சுமார் 4.3 கிலோ எடை ஏறும். கோபுரத்துக்குக் கோபுரம் 300 மீட்டர் எனில், ஒரு கம்பிக்கே ஏறத்தாழ 1,300 கிலோ!

1998 ஜனவரியில் மாண்ட்ரியலை உள்ளடக்கிய கியூபெக் மாநிலத்தில் சுமார் 1,000 இரும்பு மின்கோபுரங்கள் சாய்ந்தன. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மின்சாரமின்றித் தவித்தனர்; சில ஊர்கள் ஒரு மாதம் இருளில் கிடந்தன. 2013 டிசம்பரில் டொரண்டோவில் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன.

குளிருக்கு அஞ்சி வீட்டினுள் கரி மூட்டியும் ஜெனரேட்டரை ஓட்டியும் மாண்டவர்கள் உண்டு. காரணம் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்தோடு பற்றி, உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும்.

முடிவுரை

நம் சமவெளிக்குப் பனிக்கட்டிப் புயல் வாராது. ஆனால் மூடிய அறையில் கரி மூட்டினால் கொல்லிமலையிலும் உதகையிலும் அதே வாயுதான் எழும். "கதவைச் சாத்தினால் கதகதப்பாக இருக்கும்" என்போர் நம் வீடுகளிலும் உண்டு. அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்வது விஞ்ஞானம் பயிலும் நம் கடமையாகும்.