உதவிக்கு ஆள் வைக்க அம்மா மறுக்கிறாரா?

"எனக்கெதுக்கு ஆள்? நான் நல்லாத்தானே இருக்கேன்!" தனியாக இருக்கும் அம்மாவோ அப்பாவோ இப்படிச் சொன்னால் அதோடு பேச்சு நின்றுவிடும். அடுத்த முறை இப்படித் தொடங்குங்கள்.

1. வழுக்கி விழுந்த அன்றே பேசாதீர்கள். பயந்திருப்பவருக்கு அக்கறையும் அதட்டலாகவே கேட்கும்.

2. குடும்பமே சூழ்ந்து உட்கார வேண்டாம். அவர் யார் பேச்சைக் கேட்பாரோ அவர் மட்டும் பேசட்டும். கூட்டம் கூடினால் விசாரணை போலாகிவிடும்.

3. "எந்த வேலைம்மா சிரமமா இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மாடியில் துணி காயப்போடுவது, குனிந்து துடைப்பது, ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போவது என்று மெல்லச் சொல்வார். அவரே சொன்ன வேலைக்கு ஆள் வைத்தால் மறுப்பு குறையும்.

4. தினமும் காலையில் 2 மணி நேரம், ஒரு மாதம் மட்டும் பார்க்கலாம் என்று கேளுங்கள். முழுநேர ஆள் என்றதும் வீடே கைவிட்டுப் போவதாகத் தோன்றும்.

5. ஆளை அவரே பார்த்துப் பேசித் தேர்ந்தெடுக்கட்டும். சமையலறைக்குள் வரலாமா, பூஜை அறையைத் தொடலாமா, குளிக்க உதவலாமா என்பதெல்லாம் அவர் முடிவு. குளிக்க உதவுவதைப் பற்றி மட்டும் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். முன்பின் தெரியாதவர் முன் உடை மாற்றும் கூச்சத்தைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை.

6. சம்பளம் யார் தருவது என்று முதலிலேயே சொல்லுங்கள். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கிறோமே என்றே பலர் மறுக்கிறார்கள்.

7. வருபவரின் ஆதார் நகலும், முன்பு வேலை பார்த்த வீட்டின் போன் எண்ணும் வாங்குங்கள். "யாரோ எவரோ" என்ற பயம் தணியும்.

8. பேச்சு நகரவே இல்லையென்றால், முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567-ல் ஆலோசனை கேளுங்கள்.