கேட் கணக்கில் 13 மார்க்: நெய்வேலி வீடுகளுக்குச் சில குறிப்புகள்

டவுன்ஷிப்பில் பி.இ. முடித்துவிட்டு கேட் (GATE) தேர்வு எழுதும் பிள்ளைகள் எல்லா பிளாக்கிலும் உண்டு. எம்.டெக். ஆசை ஒரு காரணம். 2022இல் ஜி.இ.டி. எனும் பட்டதாரி நிர்வாகப் பயிற்சியாளர் பணியிடங்களுக்கு என்எல்சி கேட் மதிப்பெண்ணைப் பார்த்து ஆள் எடுத்தது இன்னொரு காரணம். பெரும்பாலான பொறியியல் தாள்களில் 100 மார்க்குக்குப் பாடம் 72, பொதுத்திறன் 15, கணிதம் 13. இந்த 13ஐத்தான் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பலரும் ஜனவரி வரை தள்ளிவிடுகிறார்கள்.

1. முதலில் அணிகளை எடுங்கள். குறைந்த உழைப்பில் மார்க் தரும் பகுதி அதுதான். ஐகன் மதிப்புகளைக் கூட்டினால் மூலைவிட்ட எண்களின் கூட்டுத்தொகை வரும். பெருக்கினால் அணிக்கோவையின் மதிப்பு வரும். முதல் வரிசையில் 4, 1, அடுத்த வரிசையில் 2, 3 என்று ஓர் அணி இருந்தால், கூட்டி 7, பெருக்கி 10 வரவேண்டும். விடை 5, 2. சமன்பாடு எழுதவே தேவையில்லை. நான்கு விடைகள் கொடுத்திருக்கும் கேள்வியில், கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தே இரண்டு மூன்றைக் கழித்துவிடலாம்.

2. அடுத்து நிகழ்தகவு. அதன்பின் நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள். கலப்பெண் சார்புகள் எல்லாத் தாளிலும் கிடையாது. உங்கள் தாளின் பாடத்திட்டத்தைப் பார்க்காமல் அதில் ஒரு வாரத்தைத் தொலைக்காதீர்கள்.

3. கல்லூரியில் நான்கு வருடம் தட்டிய கால்குலேட்டரை மேசை டிராயரில் பூட்டி வையுங்கள். தேர்வு அறைக்குள் அதற்கு அனுமதியில்லை. திரையில் தெரியும் கால்குலேட்டரை மவுஸால் சொடுக்கித்தான் கணக்குப் போட வேண்டும். பொத்தான்களை அழுத்தும் வரிசையும் கைக் கால்குலேட்டர் போல இராது. அதே மாதிரி கால்குலேட்டர் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. லேப்டாப்பில் டச்பேடைத் தேய்க்காமல், தனியாக ஒரு மவுஸ் வாங்கி இணைத்துப் பழகுங்கள்.

4. கால்குலேட்டரைத் திறந்ததும் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் டிகிரியில் இருக்கிறது, −0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது. நுண்கணிதக் கேள்விகளுக்கு ரேடியன்தான் வேண்டும்.

5. தெரியாத கேள்வியில் குத்துமதிப்பாக ஒன்றைச் சொடுக்கலாமா? இதுவே ஒரு நிகழ்தகவுக் கணக்குதான். ஒரு மார்க் கேள்வி, நான்கு விடைகள், தவறினால் மூன்றில் ஒரு பங்கு மார்க் போகும். கண்ணை மூடிச் சொடுக்கினால் சராசரியாக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடை நிச்சயமாகத் தப்பு என்று தெரிந்தால் சராசரி லாபம் ஒன்பதில் ஒரு பங்கு. இரண்டைக் கழித்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே ஒன்றைக்கூடக் கழிக்க முடியாத கேள்வியில் நேரத்தைக் கொட்டாமல் அடுத்ததற்குப் போங்கள். எண்ணை நாமே தட்டும் கேள்விகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கும் மைனஸ் கிடையாது. அவற்றை வெறுமையாக விட்டுவருவது சுத்த சோம்பேறித்தனம்.

6. எண்ணைத் தட்டும் கேள்வியில், கணக்கின் நடுவிலேயே தசமத்தைச் சுருக்காதீர்கள். கடைசி வரியில் மட்டும் கேட்டபடி சுருக்குங்கள்.

7. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள், மாதக் காலண்டரின் பின்பக்கம், பழைய டைரி எதையும் எடைக்குப் போடாதீர்கள். கணக்கு கையால் போட்டால்தான் வரும், அதற்குத் தாள் நிறைய வேண்டும். வீடியோ பார்த்துத் தலையாட்டுவது கணக்குப் போட்டதாகாது.

8. நைட் ஷிப்ட் முடித்து வந்து அப்பா தூங்கும் வாரத்தில், பகலில் சத்தமில்லாமல் நடக்கும் வேலை பழைய வினாத்தாள் போடுவதுதான். என்பிடெல் வீடியோ பாடங்களை அவர் மதிய ஷிப்டுக்குக் கிளம்பும் வாரத்துக்கு ஒதுக்குங்கள். ஷிப்ட் மாறும்போது பிள்ளையின் அட்டவணையும் மாறட்டும். பிள்ளைக்காக அப்பா தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அவர் நிற்பது சுரங்கத்தில்.

9. சமையலறை டைமரை 180 நிமிடத்துக்கு வைத்து, 65 கேள்விகளையும் ஒரே இருக்கையில் முடிக்கச் சொல்லுங்கள். நடுவில் காபி கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். அம்மாக்களுக்கு இதுதான் கஷ்டம்.

10. ஜூலையில் நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் போனால் தலையணை பருமனில் வழிகாட்டி நூல் வாங்காதீர்கள். கல்லூரியில் படித்த பொறியியல் கணிதப் புத்தகமும் பழைய வினாத்தாள்களும் போதும். வினாத்தாள்களைத் தேர்வு நடத்தும் ஐஐடிகளின் தளங்களிலேயே காசில்லாமல் எடுக்கலாம். மிச்சமாகும் பணத்தில் ஒரு நாவல் வாங்கிக்கொள்ளலாம்.

11. தேர்வு பிப்ரவரி சனி, ஞாயிறுகளில் நடக்கும். மையம் வெளியூரில் விழக்கூடும். அந்த வாரத்தில் தைப்பூசமும் வந்தால் வடலூர் வழிப் பேருந்துகளில் கால் வைக்க இடமிருக்காது. முந்தின நாளே கிளம்பிவிடுங்கள். அச்சிட்ட அனுமதிச் சீட்டையும் அசல் அடையாள அட்டையையும் ஒரே உறையில் போட்டு, பையின் மேலறையில் வையுங்கள்.