கோழிக்கூட்டைக் கழுவலாமா?

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை எந்த ஊருக்குப் போனாலும் வளவின் ஒரு மூலையில் கோழிக்கூடு ஒன்றைக் காணலாம். தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்கிற குடும்பத்துக்கு அது ஒரு சின்ன வங்கி மாதிரி. முட்டை பிள்ளைகளுக்கு. பெருநாள், கலியாணம் எண்டு வரும்போது நாலு சேவலை விற்றால் கைச்செலவுக்கு ஆகும். கூட்டில் நோய் விழுந்தால் அது வீட்டுக் கணக்கில் விழுந்த ஓட்டைதான்.

கூட்டைச் சுத்தமாக வைத்திருங்கள் என்று நாங்கள் எல்லோருக்கும் சொல்லி வந்தோம். எப்படிச் சுத்தம் செய்வது என்பதை ஒழுங்காகச் சொல்லவில்லை. அந்தப் பிழை எங்களுடையது. அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

நடந்த கதை

தென்னந்தோட்டத்தில் தேங்காய் பொறுக்கும் வேலை செய்கிற ஒரு ராத்தா 25 குஞ்சு வாங்கி வளர்த்தா. சீமெந்துத் தரை. காலையில் வேலைக்கு வர முந்தி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தும்புத்தடியால் தேய்த்துக் கழுவி, அதன்மேல் ஒரு சாக்கை விரித்து விடுவா. நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு, "கூடு எண்டா இப்படி இருக்க வேணும்" என்று மற்றவர்களுக்கும் காட்டினோம்.

மாரி தொடங்கி மூன்றாம் கிழமை குஞ்சுகள் சிறகைத் தொங்கப்போட்டு ஒரு மூலையில் ஒடுங்கின. எச்சத்தில் இரத்தம். ஐந்து நாளில் 14 குஞ்சு செத்தது. நாங்கள் போனபோது அவ சொன்ன சொல் இன்னும் காதில் நிற்கிறது: "மகன், நீங்க சொல்லித்தானே நான் நாளாந்தம் கழுவினன்."

கால்நடை வைத்தியரிடம் கேட்டபோதுதான் விளங்கியது. எங்களுக்குச் சுத்தம் எண்டால் தண்ணீர். கோழிக்குச் சுத்தம் எண்டால் காய்ந்த தரை.

ஈரம் ஏன் ஆகாது?

அந்தக் குஞ்சுகளுக்கு வந்தது இரத்தக் கழிச்சல். கொக்சிடியா என்ற கண்ணுக்குத் தெரியாத கிருமியால் வருவது. நோய்ப்பட்ட கோழியின் எச்சத்தோடு அதன் முட்டைகள் வெளியே வரும். வந்த உடனே அவை நோயைக் கொடுக்காது. ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் பழுத்துவிடும். பிறகு குஞ்சு கொத்தும் தீனோடு குடலுக்குள் போகும். சாதாரண கிருமிநாசினிகளுக்கு இந்த முட்டை இலேசில் சாகாது. தரை காய்ந்திருந்தால் பழுக்கவும் மாட்டாது. நனைந்த சாக்கு அதற்கு நல்ல படுக்கை.

இரண்டாவது, நெடி. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். ஈரம் பட்டால் அது அமோனியா வாயுவாக மாறும். உங்கள் கண் எரிகிறதெண்டால், தரையோடு மூக்கை வைத்துப் படுக்கிற குஞ்சுக்கு எப்படி இருக்கும்? கண் வீங்கும், சளி பிடிக்கும்.

மூன்றாவது, கிணறு. எங்கள் கரையோரம் மணற்பூமி. கிணற்றில் தண்ணீர் ஆழமில்லை. கூடு கழுவிய தண்ணீர் மணலுக்குள் இறங்கி நாங்கள் குடிக்கிற கிணற்றுக்கே வரும். ஆகவே கூட்டைக் கிணற்றுக்குக் கிட்டக் கட்டவும் வேண்டாம்.

எதை விரிப்பது?

விரிப்பின் வேலை எச்சத்தின் ஈரத்தை வாங்கிக் காற்றிலே விடுவது.

1. உமி. கல்லோயாத் திட்டத்து வயல்களின் நெல் சம்மாந்துறைப் பக்கத்து ஆலைகளில் குற்றப்படுகிறபடியால் உமிக்கு எங்களிடம் பஞ்சமில்லை. கட்டிபடாது, சீக்கிரம் காயும்.

2. மரச்சீவல். தச்சுப் பட்டறையில் கிடைக்கும். உமியை விட ஈரம் வாங்கும். மாவு போன்ற மரத்தூள் கூடாது. குஞ்சு அதைத் தின்னும், தூசி நெஞ்சுக்கு ஆகாது. மருந்து பூசிய பலகையின் சீவலும் வேண்டாம்.

3. தும்புத்தூள். ஈரத்தை நிறைய உறிஞ்சும், ஆனால் விடாது. நன்றாகக் காயவைத்து உமியோடு கலந்தால் மட்டும் சரி.

4. வைக்கோல். இரண்டு அங்குலமாக வெட்டிப் போடவேண்டும். நீளமாகப் போட்டால் பாய் மாதிரிப் படிந்துவிடும். பூஞ்சணம் பிடித்ததைத் தொடவே வேண்டாம். கோழியின் நுரையீரலைக் கெடுக்கும்.

எப்படிச் செய்வது?

பெரிய முட்டைக் கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி இடம் வேண்டும். 10 அடி நீளம், 5 அடி அகலக் கூட்டில் 25 கோழிக்கு மேல் விடாதீர்கள். அதற்கு 4 அங்குல உயரத்துக்கு உமி போட நிறைந்த சாக்கில் ஏறக்குறைய 5 சாக்குப் போகும். சின்னக் குஞ்சு உமியைத் தீன் எண்டு கொத்தும். முதல் சில நாளைக்கு மேலே பத்திரிகைத்தாள் விரித்து, நனைந்ததை மாற்றி விடுங்கள்.

பிறகு அள்ளிக் கொட்டவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம். தினமும் ஒரு தடியால் கிளறுங்கள். கட்டிபட்ட இடத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புது உமி போடுங்கள். இதற்கு ஆழ்கூள முறை என்று பெயர். 1940களில் அமெரிக்காவின் ஒகையோ விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், அடிக்கடி மாற்றிய கூளத்தை விட மேலே மேலே சேர்த்து வந்த கூளத்தில் கோழிகள் நன்றாக இருந்ததைக் கண்டார்கள்.

கூளம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறவுங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் கூட. மெல்ல உதிர்ந்தால் சரி. புழுதி பறந்தால் காய்ச்சல் கூட. ஈரம் கண்டவுடன் சிலர் சுண்ணாம்பு தூவுகிறார்கள். கோழி உள்ளே நிற்கும்போது அது கூடாது, அமோனியா நெடியை இன்னும் கிளப்பும். சுண்ணாம்பு, கூட்டைக் காலி செய்த பிறகு தரைக்கு.

தண்ணீர்ச் சட்டியை நிலத்தில் வைக்காமல் கோழியின் முதுகு உயரத்துக்குக் கல்லின் மேல் வையுங்கள். பாதி ஈரம் அங்கிருந்துதான் வருகிறது.

மாரியில்

வாடைக்காற்று மழை கடற்பக்கத்தால் அடிக்கும். வடக்கையும் கிழக்கையும் சாக்கால் அடையுங்கள், ஆனால் மேலே ஒரு முழம் திறந்திருக்கட்டும். நாலு பக்கமும் பொலித்தீன் கட்டினால் நெடி உள்ளேயே நிற்கும். 2011 ஜனவரி வெள்ளத்தை மறக்கவேண்டாம். தரையை நிலமட்டத்திலிருந்து ஓர் அடியாவது உயர்த்துங்கள்.

வெளி அடைப்பு

கோழி ஓடித்திரிகிற அடைப்பிலும் இதே கதைதான். எச்சத்தை வாரி எடுங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளத்தை மணலால் நிரப்புங்கள். கடல்மணல் வேண்டாம்; உப்பு ஈரத்தை இழுக்கும், அனுமதியில்லாமல் அள்ளுவது சட்டத்துக்கும் பிழை. இடமிருந்தால் அடைப்பை இரண்டாகப் பிரித்து மாறி மாறி விடுங்கள். ஒரு மூலையில் விறகுச் சாம்பலும் மணலும் கலந்து வைத்தால் கோழி குளித்து உண்ணியைக் குறைத்துக்கொள்ளும்.

கூளத்தை மாற்றும்போது

ஒரு தொகுதிக் கோழி போனதும் முழுவதையும் எடுத்து, கூட்டை நன்றாகக் காயவிட்டு, இரண்டு கிழமை வெறுமையாக வையுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவுவதெண்டால் அதற்குரிய நேரம் இதுதான். மூக்கில் துணி கட்டுங்கள். வேலை முடிந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பழைய கூளத்தைக் குவித்து மக்கவிட்டுத் தென்னைக்கும் கத்தரிக்கும் போடலாம். பச்சையாகப் போட்டால் கன்று கருகும்.

எச்சத்தில் இரத்தம் கண்டால் ஒரு நாளும் பிந்தாமல் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். மருந்து இருக்கிறது. பிந்தினால் மருந்தும் பலிக்காது.

அந்த ராத்தா இப்போது உமி போட்டுத் திரும்பவும் வளர்க்கிறா. போன மாதம் போனபோது எங்களைக் கண்டதும் ஒரு பிடி கூளத்தை எடுத்து இறுக்கி, கையை விரித்துக் காட்டினா. மெல்ல உதிர்ந்தது.