பிரேக் பிடிக்கும்போது வாகனம் ஏன் அதிர்கிறது?

(விஞ்ஞானம் – உராய்வும் சக்தி மாற்றமும்)

மாணவர்களே, "உராய்வு வாகனத்தை நிறுத்துகிறது" என்று மனனஞ் செய்து வைத்திருக்கிறீர்கள். அது பிழையல்ல. ஆனால் பிரயோக வினா வந்தால் அந்த ஒரு வரி போதாது. சூரியகந்தையிலிருந்து இறக்குவானைக்கோ, கினிகத்தேனையிலிருந்து எட்டியாந்தோட்டைக்கோ வானில் இறங்கியவர்கள் கவனித்திருக்கலாம்: சில வாகனங்களில் சாரதி பிரேக்கை மிதித்ததும் ஸ்டியரிங் துடிக்கும். அந்தத் துடிப்பின் காரணத்தைப் பார்ப்போம்.

முதலில் சக்தியைக் கணிப்போம். 2000 கிலோகிராம் திணிவுள்ள வான் மணிக்கு 72 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் செல்கிறது. அதன் இயக்கச் சக்தி ½ × 2000 × 20 × 20 = 400 000 யூல். இதே வான் வேகம் மாறாமல் 100 மீற்றர் உயரம் இறங்கினால் இழக்கும் அழுத்த சக்தி 2000 × 10 × 100 = 2 000 000 யூல். ஐந்து மடங்கு! சமதரையில் ஒருமுறை நிறுத்துவதைவிட மலையிறக்கமே பிரேக்கை அதிகம் வாட்டுகிறது என்பதை இக்கணிப்பிலிருந்து எழுதலாம். வளித்தடையும் எஞ்சினும் ஒரு பங்கை ஏற்கும். மிகுதி பிரேக்கில் வெப்பமாகிறது.

"டிஸ்க் நெளிந்துவிட்டது" என்றே பலரும் சொல்வார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. நீண்ட இறக்கத்தின் முடிவில் வாகனத்தை நிறுத்திப் பிரேக்கை மிதித்தபடியே நின்றால், கொதிக்கும் டிஸ்க்கின் ஓரிடத்தில் பிரேக் பேட்டின் பொருள் ஒட்டிக்கொள்ளும். அவ்விடத்தில் உராய்வு வேறுபடும். நாளடைவில் தேய்வும் வேறுபட்டு டிஸ்க்கின் தடிப்பு சீரற்றதாகும். ஒரு மில்லிமீற்றரின் நூற்றில் சில பங்கு வித்தியாசமே போதும். தடித்த இடம் பேட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பேட் பின்னே தள்ளப்படும்; எண்ணெயின் அமுக்கம் மாறி மிதியும் துடிக்கும். சில் நட்டுகளைச் சமமின்றி இறுக்குவதும், டிஸ்க் பொருந்தும் முகத்தில் துரு இருப்பதும் டிஸ்க்கைச் சற்றுச் சாய்த்து இதே நிலைக்குக் கொண்டுவரும்.

எந்தச் சில்லில் கோளாறு? பிரேக் பிடிக்காதபோதும் அதிர்ந்தால் டயரையும் சில்லின் சமநிலையையும் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் துடித்தால் பெரும்பாலும் முன் டிஸ்க். ஆசனமும் தரையும் அதிர்ந்தால் பின் சில்லுகள். அங்கே டிரம் இருந்தால் அது வட்டம் குலைந்திருக்கலாம். ஏபிஎஸ் உள்ள வாகனத்தில், மழையில் சடுதியாக மிதிக்கும்போது கால் உணரும் படபடப்பு கோளாறல்ல. இதைக் கோளாறு என்று நினைத்துக் காலை எடுப்பதுதான் ஆபத்து.

திருத்துபவர் டிஸ்க்கின் தடிப்பை நுண்மானித் திருகுக் கணிச்சியால் பல இடங்களில் அளப்பார். ஆட்டத்தை டயல் கேஜால் பார்ப்பார். தடிப்பு போதுமானால் கடைந்து சமப்படுத்தலாம். குறைந்தபட்சத் தடிப்பு பல டிஸ்க்குகளில் பொறிக்கப்பட்டிருக்கும். கடைந்தால் அதற்குக் கீழே போகுமென்றால் மாற்றியே ஆக வேண்டும். மெல்லிய டிஸ்க் வெப்பத்தைத் தாங்காது. இடமும் வலமும் சோடியாகவே மாற்ற வேண்டும். புதிய டிஸ்க் போட்டும் சில மாதங்களில் அதிர்வு திரும்பினால், பேட்டை விடுவிக்காமல் இறுகிய கலிப்பரைச் சந்தேகிக்கலாம்.

பழைய லொறிச் சாரதிகள் ஏறிய கியரிலேயே இறங்குவார்கள். தாழ்ந்த கியரில் எஞ்சின் வாகனத்தை இழுத்துப் பிடிப்பதால் பிரேக்கில் வெப்பம் குறையும். அதிர்வு ஒன்று, பிரேக் பிடிக்காமற் போவது வேறொன்று. விடையில் கலந்து எழுதாதீர்கள். இறக்கத்தில் எரிந்த மணம் வந்து மிதி மெதுவானால் எண்ணெய் கொதித்திருக்கலாம். அப்போது உடனே தாழ்ந்த கியருக்கு மாற்றி, ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும்.

மாதிரி வினா: சில்லின் சுற்றளவு 2 மீற்றர். டிஸ்க்கில் ஓரிடம் மட்டும் தடித்துள்ளது. வேகம் செக்கனுக்கு 20 மீற்றராக இருக்கையில் அதிர்வின் மீடிறன் யாது? வேகம் பாதியானால்?

விடை: சில் செக்கனுக்கு 20 ÷ 2 = 10 முறை சுழலும்; ஒரு சுழற்சிக்கு ஒரு துடிப்பு. எனவே மீடிறன் 10 ஹேட்ஸ். வேகம் பாதியானால் 5 ஹேட்ஸ். அலகை எழுத மறக்காதீர்கள்.